கேள்வி–பதில்: ஆபிலீன் ஊர்ப் பள்ளியில் ஐசன்ஹோவர்

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் வறுமையில் வளர்ந்தவர் என்று என் பேரனின் புத்தகமொன்றில் படித்தேன். உண்மையிலேயே ஏழைக் குடும்பமா, அல்லது தலைவர்களுக்கெல்லாம் ஒட்டவைக்கும் கதையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பட்டினி கிடந்த குடும்பம் அன்று, ஆனால் கையில் ஒரு காசு மிஞ்சாத குடும்பம். தந்தை டேவிட், கான்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் கடை வைத்து நொடித்துப்போனவர். பிழைப்புத் தேடி டெக்சாஸுக்குச் சென்று, ரயில்வேயில் எஞ்சின் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே டெனிசன் நகரில், இருப்புப்பாதையை ஒட்டியிருந்த ஒரு சிறிய வீட்டில், 1890 அக்டோபர் 14 அன்று மூன்றாவது மகனாக டுவைட் ஐசன்ஹோவர் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் குடும்பம் கான்சாஸுக்கே திரும்பி ஆபிலீனில் குடியேறியது. டேவிட்டுக்கு அங்கிருந்த வெண்ணெய்த் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தொடக்கத்தில் மாதச் சம்பளம் ஐம்பது டாலருக்கும் குறைவு. அவருக்குப் பிறந்த ஏழு ஆண் பிள்ளைகளில் ஒன்று கைக்குழந்தையாகவே இறந்துவிட, வளர்ந்தவர்கள் அறுவர்.

ஆபிலீன் ஒரு காலத்தில் டெக்சாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாட்டு மந்தைகள் ரயிலேறும் இடமாக இருந்தது. துப்பாக்கிச் சூட்டில் பேர்பெற்ற வைல்ட் பில் ஹிக்காக் 1871-இல் காவல் அதிகாரியாக இருந்ததும் இங்கேதான். ஐசன்ஹோவர் சிறுவனாக இருந்தபோது அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி, ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் அமைதியான ஊராகிவிட்டது. ஆனால் ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரித்திருந்தது: வடக்கே வசதி படைத்தவர்கள், தெற்கே உழைப்பாளிகள். ஐசன்ஹோவர் வீடு தெற்கே. வீட்டைச் சுற்றியிருந்த மூன்று ஏக்கர் நிலத்தில் பிள்ளைகள் காய்கறி பயிரிட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்குத் தெருக்களில் விற்றார்கள். தாய் ஐடா டெக்சாஸில் கற்றுவந்த பக்குவப்படி, சோளமாவில் இறைச்சியைப் பொதிந்து சோளத் தோலில் சுற்றி அவிக்கும் தமாலேயும் (நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஐந்து சென்ட்டுக்கு மூன்று என்று விலைபோயிற்று. காலணி வாங்க முடியாத நாட்களில், அம்மாவின் பழைய பித்தான் காலணியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனதையும் சகோதரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பெண்களின் காலணியோடு வகுப்பறைக்குள் நுழையும் பையனைச் சகமாணவர்கள் சும்மா விட்டிருப்பார்களா என்பதை ஆசிரியையான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1952-இல் ஆபிலீன் மேடையில், தாங்கள் ஏழைகள் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது, அப்போது தெரியவில்லை என்று அவர் பேசினார். அது தேர்தல் ஆண்டு. காய்கறியை வாங்கியவர்கள் அதைக் கிள்ளிப் பார்த்து முகம் சுளித்ததை இந்தப் பிள்ளைகள் முதுமைவரை மறக்கவில்லையே. பிறகு எப்படித் தெரியாமல் போகும்?

கேள்வி: அந்தக் காலத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? அவர் நன்றாகப் படித்தாரா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தொடக்கப் பள்ளி வீட்டுக்கு எதிரிலேயே இருந்த லிங்கன் பள்ளி, ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ரயில் பாதையைக் கடந்து வடக்கே உள்ள கார்ஃபீல்டு பள்ளிக்குப் போக வேண்டும். பாடம் பெரும்பாலும் மனப்பாடம்தான். எழுத்துக்கூட்டல் போட்டியிலும் கணக்கிலும் அவருக்கு ஊக்கம் இருந்தது. கையெழுத்து மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. பள்ளிக்கு வெளியே அவரைப் பிடித்துக்கொண்டது பண்டைய வரலாறு. ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் அரசின் தளபதி ஹானிபல் அவருடைய நாயகன். வீட்டு வேலையையும் பாடத்தையும் விட்டுவிட்டுக் கிரேக்க, ரோமானியப் போர்களிலேயே மூழ்கிக் கிடந்ததால், ஐடா அந்தப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பையன் சாவி இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அம்மா கடைக்கோ தோட்டத்துக்கோ போகும் நேரமெல்லாம் அலமாரி திறந்தது. கதைப் புத்தகத்தை ஒளித்துவைக்கும் தாய்மார்கள் உலகெங்கும் உண்டு; வரலாற்று நூலை ஒளித்துவைக்க நேர்ந்தவர் அபூர்வம்.

உயர்நிலைப் பள்ளியில் முதல் ஆண்டு வீணாயிற்று. கீழே விழுந்து முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு சீழ்பிடித்து, நஞ்சு தொடைவரை ஏறியது. காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். பெனிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. ஆகவே மருத்துவர் சொன்னது மிகையன்று. பையன் கண்டிப்பாக மறுத்தான். தான் நினைவிழந்தாலும் காலை வெட்ட விடக்கூடாது என்று அண்ணன் எட்கரிடம் வாக்கு வாங்கினான். எட்கர் அறை வாசலிலேயே காவல் இருந்தார். கால் தப்பியது, இழந்த நாட்களுக்காக அந்த வகுப்பையே மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

வடிவ கணிதத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இவன் வேகத்தைக் கவனித்த ஆசிரியரும் தலைமையாசிரியரும் பாடப் புத்தகத்தையே பிடுங்கிக்கொண்டு, தேற்றங்களின் நிரூபணங்களை நீயே கண்டுபிடி, மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே என்றார்கள். அது தண்டனை அன்று, சோதனை. பையன் அந்தப் பருவம் முழுவதும் புத்தகமில்லாமலே நிரூபணங்களைத் தானாகவே போட்டான்.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. பையன்களை எட்டாம் வகுப்போடு வேலைக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்ததால், முடித்தவர்களிலும் பெண்களே அதிகம். அந்த நிலையில் தெற்குத் தெருக் குடும்பமொன்றிலிருந்து எட்கரும் டுவைட்டும் 1909-இல் ஒன்றாகத் தேறியது சிறிய செய்தியன்று. அவ்வாண்டுப் பள்ளி மலர், எட்கர் இருமுறை நாட்டின் அதிபராவார் என்றும் டுவைட் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராவார் என்றும் வேடிக்கையாக ஆரூடம் சொன்னது. இருமுறை அதிபர் என்பது பலித்தது, ஆள்தான் மாறிவிட்டார்!

கேள்வி: கல்லூரிச் செலவை எப்படிச் சமாளித்தார்கள்?
— வாசகர், ஈரோடு

பதில்: அண்ணனும் தம்பியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருவர் படிக்க, மற்றவர் சம்பாதித்து அனுப்புவது, பிறகு மாறிக்கொள்வது. முதலில் எட்கர் சட்டம் படிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டுவைட், தந்தை வேலைபார்த்த அதே வெண்ணெய்த் தொழிற்சாலையில் பனிக்கட்டி இழுத்து, கொதிகலனுக்குக் கரி தள்ளி, முடிவில் இரவுப் பொறுப்பாளரானார். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, வாரம் ஏழு இரவுகள்; மாதச் சம்பளம் 90 டாலர். தம்பியின் முறை வரவே இல்லை. கடற்படைக் கல்லூரிக்கு முயன்றுகொண்டிருந்த ஒரு நண்பர், அங்கே கட்டணமே இல்லை என்று சொல்ல, டுவைட்டும் தேர்வு எழுதினார். கடற்படைக்கு வயது கடந்துவிட்டதால் தரைப்படையின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரி கிடைத்தது; 1911 ஜூனில் சேர்ந்தார். போரே பாவம் என்று நம்பிய ஐடா மகனைத் தடுக்கவில்லை. ஆனால் அவன் புறப்பட்டுப் போனபின் அம்மா அழுததை, தான் கேட்ட முதல் அழுகை அதுதான் என்று கடைசித் தம்பி மில்டன் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: தாயைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். தந்தை டேவிட் எப்படிப்பட்டவர்?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வாய்பேசாத உழைப்பாளி, கோபக்காரர். விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புவார். இரவில் கிரேக்க மொழியில் விவிலியம் படிப்பார். எகிப்தியப் பிரமிடின் அளவுகளில் உலகின் வருங்காலம் எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பி, சுவர் நிறையும் அளவுக்கு ஒரு வரைபடம் தயாரித்திருந்தார். எட்கர் பள்ளிக்குப் போகாமல் ஊர் மருத்துவரிடம் வேலைசெய்வது தெரியவந்த நாளில், குதிரைச் சேணத்தின் தோல்வாரை எடுத்து விளாசினார். பன்னிரண்டு வயது டுவைட் அழுதுகொண்டே பின்னாலிருந்து தந்தையின் கைகளைப் பற்றித் தடுக்க, உனக்கும் வேண்டுமா என்று டேவிட் திரும்பினார். நாயைக்கூட இப்படி அடிக்கக் கூடாது என்றான் பையன். டேவிட் வாரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

தாம் தொழிலில் தோற்றதுபோல் பிள்ளைகள் தோற்கக் கூடாது என்ற அச்சமே அந்தக் கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அந்த அடியை நான் நியாயப்படுத்த மாட்டேன். பிள்ளைகளும் தந்தையைப் பற்றிப் பேசும்போது மரியாதையாகப் பேசினார்களே தவிர, கதைகளெல்லாம் அம்மாவைச் சுற்றியே வந்தன. 1942 மார்ச் 10 அன்று டேவிட் இறந்தபோது டுவைட் வாஷிங்டனில் போர்த் திட்டப் பணியில் இருந்தார். ஊருக்குப் போக முடியவில்லை. அடக்க நாளில் அலுவலகக் கதவை அரைமணி நேரம் சாத்திக்கொண்டார். தந்தையிடம் தமக்கிருந்த பாசத்தின் ஆழத்தை அவருக்குத் தெரிவிப்பது எப்போதும் கடினமாகவே இருந்தது, அது ஒன்றே தம் வருத்தம் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினார்.