11 வருட உழைப்புக்கு 4 வருடக் கணக்கா?

கேள்வி: எனக்கு வயது 53. லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 11 வருடங்கள் துப்புரவு வேலை செய்தேன். 4 வருடங்களுக்கு முன் ஒப்பந்தம் வேறு கம்பனிக்குப் போனது. அதே கட்டடம், அதே வேலை. சீருடை மட்டும் மாறியது. இரண்டு மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பு என்று என்னையும் இன்னும் மூவரையும் நிறுத்திவிட்டார்கள். வாரச் சம்பளம் 420 பவுண். கடைசி 4 வருடங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு 2,520 பவுண் தந்தார்கள். சாவியை ஒப்படைக்கும்போது, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனால் பெருஞ்செலவாகும் என்கிறார்கள். விட்டுவிடட்டுமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. முதலில் அந்தக் கையெழுத்து. சட்டப்படி வரவேண்டிய ரிடன்டன்சி பணத்தை, அதாவது ஆட்குறைப்புக்கான இழப்பீட்டை, அப்படி ஒரு தாளால் இல்லாமலாக்க முடியாது. கம்பனியைச் சாராத ஆலோசகர் உங்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகு எழுதிய உடன்படிக்கை செல்லும். முதலாளி, தொழிலாளி தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பு நடுவில் நின்று முடித்துவைத்த சமரசம் செல்லும். சாவியை வாங்கிக்கொண்டே நீட்டிய தாள் இரண்டிலும் சேராது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். நீங்களும் அவர்களில் ஒருவராகிவிடக் கூடாது.

இனி கணக்கு. 41 வயதுக்குப் பிறகு வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம். உங்கள் 11 வருடங்களும் அந்த வயதுக்குப் பிறகுதான் வருகின்றன. ஆக 16.5 வாரம், 6,930 பவுண். இன்னும் 4,410 பவுண் உங்களுக்கு வரவேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் கைமாறும்போது அந்த வேலைக்கென்றே இருந்த ஆட்கள் பழைய சேவைக்காலத்தோடு புதிய கம்பனிக்கு மாறுவார்கள் என்பது 2006ஆம் ஆண்டின் டியூப்பி (TUPE) விதி. அது இங்கே பொருந்தாது என்று கம்பனி வாதாடக்கூடும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். அதனால் சான்றுகளை இப்போதே தேடி எடுங்கள். பழைய கம்பனியின் கடைசிச் சம்பளச் சீட்டு, புதிய கம்பனியின் முதல் சம்பளச் சீட்டு, கைமாறியபோது வந்த கடிதம், வேலை நேர அட்டவணை. இரு கம்பனிகளின் சம்பளச் சீட்டுகளிலும் அடுத்தடுத்த மாதங்கள் இடைவெளியின்றி இருந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இந்தப் பணத்தைக் கேட்க வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதம் அவகாசம் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: அதற்குள் கம்பனிக்கே எழுத்தில் கோரிக்கை அனுப்பிவிட்டாலும் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டப்படி உங்கள் உரிமை காப்பாற்றப்படும். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது. 'நான் 11 வருடங்கள் தொடர்ந்து வேலை செய்திருக்கிறேன், அதற்குரிய ரிடன்டன்சி கொடுப்பனவைக் கோருகிறேன், தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்' என்று இந்த வாரமே எழுதுங்கள். அந்த விளக்கத்தைத் தருவது அவர்களுடைய சட்டக் கடமை. பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது மழுப்பினால், ஏகாஸுக்குத் தெரிவியுங்கள். சமரசத்துக்கு அவர்கள் பணம் வாங்குவதில்லை. அவர்கள் தரும் சான்றிதழ் எண் இல்லாமல் தீர்ப்பாயம் உங்கள் மனுவை ஏற்காது, அந்தப் படியைத் தாண்டவும் முடியாது. செலவைப் பற்றிச் சொன்னவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2013இல் கொண்டுவந்த தீர்ப்பாயக் கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தள்ளிவிட்டது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்வது அங்கே வழக்கமல்ல. வீம்புக்கு வழக்காடியவர்கள், நியாயமின்றி நடந்துகொண்டவர்கள், வெல்ல வாய்ப்பே இல்லாத வழக்கை நடத்தியவர்கள் போன்றோருக்கே பெரும்பாலும் அந்த நிலை வரும்.

உங்களோடு நிறுத்தப்பட்ட அந்த மூவரிடமும் இன்றே பேசுங்கள். அவர்களுக்கும் இதே குறைத்த கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் அவர்கள் உரிமையைக் காக்காது. ஒவ்வொருவரும் தம் பெயரில் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் நால்வரும் சேர்ந்தே போகலாம்.