கண்ணுக்குத் தெரியும் படிகங்களை ஓர் உயிரினம் ஏன் வளர்க்க வேண்டும்?

உங்கள் கதைக்காக, 'முதுகில் பெரிய படிகம் வளர்க்கும் விலங்கு வருங்காலத்தில் பரிணமிக்குமா' என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரினங்கள் படிகம் வளர்ப்பது ஏற்கெனவே நடந்துவிட்டது, சிலவற்றில் வேண்டாததை வெளியேற்றும் வேலையாக.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் மரத்தின் இலையை வெயில் நேரத்தில் பாருங்கள், மேலே வெள்ளையாக உப்புத் துகள் மின்னும், நக்கினால் கரிக்கும். அது நிற்கும் தண்ணீரிலுள்ள உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது, மீறி உள்ளே வருவதை இலையிலுள்ள சுரப்பிகள் கரைசலாக வெளியே தள்ளுகின்றன, அப்புறம் தண்ணீர் ஆவியாகிப் படிகம் மட்டும் நிற்கிறது. அலங்காரம் எல்லாம் இல்லை, குப்பை கொட்டுகிறது, அவ்வளவுதான்.

கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதும் படிகத்தால்தான்: கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது, ஆனால் தின்ன வரும் விலங்குக்கு நன்றாகவே தெரியும்.

எனக்குப் பிடித்தது குவானின். நம் டி.என்.ஏ.வில் இருக்கும் அதே பொருள்தான். மீன் தோலின் வெள்ளிப் பளபளப்பு இந்தப் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது, திறந்த கடலில் மறைந்துகொள்ள உதவுகிறது. ஸ்காலப் என்ற சிப்பிக்கு 200 கண்கள் வரை உண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் சதுரக் குவானின் தகடுகளை ஓடு பதித்த மாதிரி அடுக்கிய குழிக் கண்ணாடி ஒன்று இருந்து பிம்பத்தைக் குவிக்கிறது. சில பச்சோந்திகள் இந்தப் படிகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்தே நிறம் மாற்றுகின்றன என்று 2015-இல் காட்டினார்கள்.

உங்கள் கதைக்கு முதுகில் பெரிய படிகம் வேண்டுமென்றால் உப்பு மிகுந்த இடத்தில் வாழும் விலங்காக வையுங்கள், மூலப்பொருள் இலவசம். என்ன, மழை பெய்தால் கரைந்துவிடும்.