பதினாறு பார் பவேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘ஏர்ல் ஆஃப் சாலிஸ்பரி’ பவேனை (பழைய நடன இசை) டிஜிட்டல் பியானோவில் பழகுகிறேன். சுரங்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் உப்புச்சப்பில்லாமல் ஒலிக்கிறது. சில நோட்டுகளின் தண்டில் குறுக்காக இரண்டு கோடுகள் இருக்கின்றன, அவை என்ன? வேகம் எவ்வளவு?
ர.

அன்புள்ள ர.,

முதலில் பெடலிலிருந்து காலை எடுங்கள். இது விர்ஜினல் என்ற பழைய கட்டைக் கருவிக்கு எழுதியது. அதில் கட்டையை அழுத்தினால் இறகில் சீவிய சிறு அலகு ஒன்று தந்தியைச் சுண்டும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஒரு சுரத்தை எடுப்பாகக் காட்ட, அதற்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் முன்னதாக விட்டுவிட வேண்டும். பியானோ பழகியவர்கள் மேல்குரலை மட்டும் தூக்கி வாசித்து நடுக்குரல்களைப் பாதியில் விட்டுவிடுவார்கள். நீங்கள் சொல்லும் உப்புச்சப்பின்மை பெரும்பாலும் அங்கேதான். நடுக்குரல்களை மட்டும் தனியே வாசித்துப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று காதே சொல்லும்.

அந்த இரட்டைக் கோடு அலங்காரக் குறி. எப்படி வாசிப்பது என்று பேர்டு விளக்கம் எழுதி வைக்கவில்லை. சி-யின் மேல் வந்தால் சி-டி-சி என்று தாளத்தின் மேலேயே தொடங்குங்கள். நீண்ட சுரமானால் இன்னொரு சுற்று. அலங்காரத்துக்காக இடதுகை காத்திருந்தால் நடை நொண்டும். ஆகவே குறிகளே இல்லாமல் ஒரு வாரம், பிறகு ஒவ்வொன்றாக.

எட்டு எட்டு பாராக (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) இரண்டு பகுதிகள். பேர்டு மற்ற பவேன்களில் வழக்கமாக எழுதும் மாறுபட்ட மறுவாசிப்பு இதில் இல்லை. பகுதிக்கு இரண்டு முறை வாசித்து, இரண்டாம் முறையில் அலங்காரத்தைக் கூட்டலாம். பாருக்கு நாலு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல். பவேன் நடந்து ஆடும் நடனம், இழவு ஊர்வலமல்ல.

கருவியின் மெனுவில் ‘மீன்டோன்’ என்ற பழைய சுருதி முறை இருந்தால் போடுங்கள். இ-யும் ஜி ஷார்ப்பும் சேர்ந்து அலையில்லாமல் நிற்க வேண்டும். சாதாரண பியானோ சுருதியில் இந்த இடைவெளி 14 சென்ட் அகலம் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). ஏ மைனரில் இருக்கும் இந்தப் பவேனில் அந்த ஜோடி அடிக்கடி வரும். ஊளையிட்டால் அந்த மெனுவில் சுருதியின் அடிச்சுரத்தை ஜி-க்கு மாற்றிப் பாருங்கள்.

ஒலிப்பதிவு தேடும்போது கவனம். இது அச்சான ‘பார்த்தீனியா’ தொகுப்பிலேயே (1612–13) ஆர்லாண்டோ கிப்பன்ஸும் அதே சாலிஸ்பரி பிரபு ராபர்ட் செசில் பெயரில் ஒரு பவேன் எழுதியிருக்கிறார். அது நீளமானது. நாலைந்து நிமிடம் ஓடினால் நீங்கள் கேட்பது பெரும்பாலும் பேர்டு அல்ல.