சிவாஜி ஓவர் ஆக்டிங்கா? வந்த கேள்வியளும் என்ட பதில்களும்

போன முறை மேடை நாடகத்தைப் பற்றி எழுதினாப் பிறகு வந்த கேள்வியளில பாதிக்கு மேல சிவாஜி கணேசனைப் பற்றித்தான். எல்லாத்துக்கும் பதில் போட ஏலாது, கையில பட்டதுகளை எடுத்திருக்கிறன்.

"என்ட மகன் பழைய படம் ஒண்டைப் பாத்துட்டு, இவர் என்னம்மா இப்பிடிக் கத்துறார், ஓவர் ஆக்டிங் எண்டு சிரிக்கிறான். என்ன சொல்றது?" (தெஹிவளை)

மகன் சொல்றது முழுப் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன், சில படங்களில கொஞ்சம் கூடத்தான். ஆனா அந்த ஆள் எங்க படிச்சுக்கொண்டு வந்தவர் எண்டு பாக்கோணும். அநாதை எண்டு பொய் சொல்லி நாடகக் கம்பெனியில சேந்த சின்னப் பொடியன் அவர், முதல் வேசமே சீதை, பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் எண்டு குடுத்ததெல்லாம் போட்டவர், அந்தக் காலத்துக் கொட்டகையில கடைசி வரிசையில நிலத்தில குந்தியிருக்கிறவன் காசு குடுத்துத்தான் வந்திருக்கிறான், அவனுக்குக் கண்ணிமை துடிக்கிறது தெரியாது, அதால கை, நடை, குரல் எல்லாத்தையும் பெருசாக்கித்தான் காட்டோணும். எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லையே, யாழ்ப்பாணத்து நாடகக்காரர் நடிகமணி வைரமுத்துவின்ட அரிச்சந்திர மயான காண்ட நாடகத்தை விடிய விடிய இருந்து பாத்த ஆக்கள் ஆராவது வீட்டில இருந்தால் கேட்டுப் பாருங்கோ, ஓவர் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

இன்னொண்டு. சின்னதா நடிக்கத் தெரியாம அவர் பெருசா நடிக்கேல்ல. 1954இல வந்த 'அந்த நாள்' படத்தை மகனுக்குப் போட்டுக் காட்டுங்கோ. பாட்டே இல்லாத படம், தொடக்கத்திலேயே ஹீரோவைச் சுட்டுப் போடுறாங்கள், அதுவும் ஆள் நாட்டைக் காட்டிக் குடுக்கிறவன். வளந்து வாற நேரத்தில எந்த ஹீரோ இப்பிடி ஒரு வேசத்துக்கு ஓம் எண்டுவான்? அதுக்குப் பிறகு 1985இல பாரதிராஜாவின்ட 'முதல் மரியாதை'. அதில ஆள் கதைக்கிறதே பக்கத்து வீட்டுப் பெரியவர் கதைக்கிற மாதிரி இருக்கும். ரெண்டையும் பாத்துட்டு மகன் திரும்பச் சிரிச்சால் எனக்கு எழுதுங்கோ.

"சிவாஜி எண்டது சொந்தப் பேரா?" (கொட்டாஞ்சேனை)

இல்லை. வி.சி. கணேசன். அண்ணாதுரை எழுதின 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில மராட்டிய மன்னர் சிவாஜியா நடிச்சதைப் பாத்துட்டுப் பெரியார் கூப்பிட்ட பேர் அது, அப்பிடியே ஒட்டிக்கொண்டுது.

"முதல் படத்திலேயே ஸ்டார் ஆனவர் எண்டு சொல்லினம், அவ்வளவு லேசா?" (வெள்ளவத்தை)

லேசாவா! 'பராசக்தி' எடுக்கேக்க ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு இந்த ஒல்லிப் பொடியனில பெருசா நம்பிக்கை இல்லை, ஆளை மாத்துவம் எண்டு நிண்டவர். மாத்தவே ஏலாது எண்டு பிடிவாதமா நிண்டது மற்றத் தயாரிப்பாளர் வேலூர் பெருமாள் முதலியார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது, கருணாநிதியின்ட வசனம், மிச்சம் உங்களுக்குத் தெரியும். கொழும்பில மைலன் தியேட்டரில மட்டும் கிட்டத்தட்ட 40 கிழமை ஓடினது. இப்ப ஒரு படம் நாலு கிழமை ஓடினாலே போஸ்டர் அடிச்சு ஒட்டுறாங்கள். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் முதலியார் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுட்டு வாறவர் சிவாஜி. எனக்கு அவரில பிடிச்ச விசயங்களில இதுவும் ஒண்டு.

"இலங்கைக்கு வந்து நடிச்சவரா?" (மட்டக்குளி)

ஓம், வந்தவர். 1978இல 'பைலட் பிரேம்நாத்', இந்தியாவும் இலங்கையும் சேந்து எடுத்தது, மாலினி பொன்சேகா ஜோடி. 'இலங்கையின் இளம் குயில்' பாட்டு அதிலதான். பிறகு 1981இல ஸ்ரீதரின்ட 'மோகனப் புன்னகை', அதில கீதா குமாரசிங்க. ரெண்டுமே அவரின்ட நல்ல படங்களுக்குள்ள வராது எண்டதுதான் என்ட எண்ணம், ஆனா எங்கட ஊரைத் திரையில பாத்த சந்தோசத்தில ஆக்கள் அதையெல்லாம் பாக்கேல்ல.

"நேஷனல் அவார்ட் கிடைச்சதா?" (பம்பலப்பிட்டி)

சிறந்த நடிகர் எண்டு ஒருக்காலும் இல்லை. 'தேவர் மகன்' படத்துக்குச் சிறப்பு நடுவர் விருது எண்டு அறிவிச்சவை, அவர் வேண்டாம் எண்டுட்டார். ஆனா 1960இலயே கெய்ரோ திரைப்பட விழாவில 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குச் சிறந்த நடிகர் விருது, 1995இல பிரான்ஸ் அரசின்ட செவாலியே விருது, பிறகு இந்திய அரசின்ட தாதாசாகேப் பால்கே விருது.

"மகளுக்கு ஸ்கூல் போட்டியில கட்டபொம்மன் வசனம். எப்பிடிப் பழக்கிறது?" (வத்தளை)

இது நல்ல கேள்வி. முதல்ல படத்தைப் பாத்து அப்பிடியே கொப்பி அடிக்க விடாதேங்கோ. அந்த வசனம் 1959இல படமா வர முதலே மேடையில நூறு தரத்துக்கு மேல பேசிப் பேசிப் பழுத்தது, பிள்ளை ரெண்டு கிழமையில அந்தக் குரலைப் பிடிக்கப் போனால் தொண்டைதான் கட்டும். சத்தத்தைக் குறைச்சுப்போட்டு அவர் எங்க மூச்சு எடுக்கிறார் எண்டு மட்டும் பென்சிலால பேப்பரில கோடு போடச் சொல்லுங்கோ. கோபம் ஏற ஏற வேகம் கூடும், ஆனா ஒரு எழுத்தும் விழுங்கப்படாது, ழகர ளகரம் தனித்தனியாக் கேக்கும். முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போனால் பிறகு ஏற இடமில்லை, தாழவே தொடங்கட்டும். மைக் குடுத்தால் அதுக்குக் கிட்ட வாயைக் கொண்டு போகாம ஒரு முழம் தள்ளி நிண்டு பேசட்டும். மீசை கீறுறதைக் கடைசி நாள் பாத்துக்கொள்ளலாம்.