குடக்கூலிக்கு வந்தவர் விற்ற ஊர்

கேள்வி: பேரன்களோடு தரங்கம்பாடி போயிருந்தேன். "தாத்தா, டென்மார்க்காரன் இந்த ஊரைச் சண்டை போட்டுப் பிடிச்சானா, காசு கொடுத்து வாங்கினானா?" என்று சின்னவன் கேட்டான். விழித்தேன். எது சரி?
– வாசகர், சீர்காழி

பதில்: இரண்டும் இல்லை என்று சின்னவனிடம் சொல்லுங்கள். குடக்கூலிக்கு வந்தார்கள். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே கெடே ஒப்பந்தம் போட்டார். வாடகை வருஷத்துக்கு 3,111 ரூபாய். கோட்டை கட்டிக்கொள்ளலாம், மிளகு ஏற்றலாம். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாசகம் தமிழ், கையெழுத்து மட்டும் தெலுங்கு!

இத்தனைக்கும் அவர்கள் கிளம்பியது இலங்கைக்கு. கண்டி அரசரோடு பேசியது நிலைக்கவில்லை. முன்னால் வந்த கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் உடைத்துவிட, அதில் தப்பிப் பிழைத்த கப்பல் தலைவர் ரோலண்ட் கிராப்பே தஞ்சை அரண்மனையில் போய் நின்றார். அங்கே பேசிப் பிடித்த இடம்தான் இது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் எஸ்கில்ட் ஆண்டர்சன். சாதாரணச் சிப்பாய். 1639க்குப் பிறகு சுமார் முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இந்தப் பக்கம் கிளம்பவில்லை. 1650இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, 1655இல் மிஞ்சியவர் எஸ்கில்ட் ஒருவர்தான். 'நமக்கென்ன' என்று கிளம்பியிருக்கலாம். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு 14 வருஷம் கோட்டையைக் காத்தார். செலவுக்கு? வங்கக் கடலில் போன கப்பல்களை மடக்கினார். கொள்ளைதான், பூசி மெழுகுவானேன்! அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். ஒருவழியாக 1669இல் கப்பல் வந்தது. மனிதர் அப்போதும் கோட்டையில்தான் இருந்தார்.

1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது, தமிழில் அச்சடித்தது எல்லாம் பெரிய கதை. தனிக் கேள்வியாக அனுப்புங்கள்.

1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். குடியிருந்தவரே வீட்டைக் கிரயம் பண்ணிக் கொடுத்த மாதிரிதான். எங்கள் தெருவில் நடந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? 1986இல் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் அக்காவோடு அதில் போய், கோட்டை மதிலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தோம். கடல்காற்று சும்மா விடவில்லை. புளியோதரையில் பாதி மணல். அக்கா மட்டும் ஒன்றும் ஆகாததுபோல முழுப் பொட்டலத்தையும் தின்று முடித்தாள்.