தூக்கம் வரவில்லையா? சிஸ்டரைக் கேளுங்கள்

ஊரே தூங்கும்போது விழித்திருந்து சம்பளம் வாங்கியவள் நான். அரசு ஆஸ்பத்திரியில் 33 வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதி ராத்திரி டூட்டி. என்னிடம் போய்த் தூக்கத்துக்கு வழி கேட்டு இத்தனை கடிதங்கள்! சரி, பசித்தவனுக்குத்தானே சோற்றின் அருமை தெரியும். கேளுங்கள், சொல்கிறேன்.

எனக்கு வயது 52. ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன், ஆனால் ஒரு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். பாலில் ஜாதிக்காய்ப் பொடி போட்டுக் குடிக்கச் சொன்னார் என் நாத்தனார். ஒரு சிட்டிகையில் ஆரம்பித்து இப்போது அரை ஸ்பூனுக்கு வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, வாய்தான் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?
- வாசகி, கும்பகோணம்

கூட்டவே கூட்டாதீர்கள். முதலில் அந்த ஸ்பூனைக் கீழே வையுங்கள்.

எங்கள் அம்மா ஜாதிக்காயை எப்படிக் கொடுப்பார் தெரியுமா? உரைகல்லில் தண்ணீர் தெளித்து, காயை இரண்டே இரண்டு இழுப்பு இழுப்பார். கல்லில் பழுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை விரலால் வழித்துப் பாலில் விடுவார், அவ்வளவுதான். மிக்ஸியில் அரைத்த பொடி வந்தபிறகுதான் இந்த ஸ்பூன் கணக்கெல்லாம். ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முழுக்காய் 5 கிராம் அளவுக்கு இருக்கும். அந்த அளவு ஒரேயடியாக உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, பிதற்றல் என்று ஆஸ்பத்திரிக்கே வரவேண்டியிருக்கும். உங்கள் வாய் உலர்வதும் நெஞ்சு படபடப்பதும் அதன் வேலையாகவே இருக்கலாம். நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் படபடப்பு நிற்காவிட்டால் ஒரு ஈசிஜியும் தைராய்டு டெஸ்டும் எடுத்துவிடுங்கள்.

பால் குடிப்பதை விடவேண்டாம். பாலில் தூக்கம் தரும் சத்து இருக்கிறது என்பார்கள். இருப்பது உண்மை, ஆனால் ஒரு டம்ளரில் உள்ளது ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இல்லை. அடுப்பை அணைத்து, டவராவில் ஊற்றி ஆற்றி, நின்று நிதானமாகக் குடித்துவிட்டு விளக்கை அணைக்கிறோமே, அந்த வழக்கத்துக்குத்தான் உடம்பு பழகுகிறது. அரை டம்ளர் போதும். முழு டம்ளர் குடித்தால் இரண்டு மணிக்குப் பாத்ரூம் கூப்பிடும்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். கும்பகோணத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: கடைசிக் காபி எத்தனை மணிக்கு? சாயங்காலம் ஐந்துக்கு என்றால், குடித்த கஃபீனில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். “நான் காபி குடித்துவிட்டே தூங்குவேனே” என்பவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை! மத்தியானம் இரண்டு மணிக்குமேல் காபி வேண்டாம். முதல் மூன்று நாள் தலை வலிக்கும். எனக்கும் வலித்தது, யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். நாலாவது நாள் சரியாகிவிட்டது. கையில் டவரா இல்லாமல் சாயங்காலம் போகாது என்றால் சுக்குமல்லிக் காபி போட்டுக்கொள்ளுங்கள். கடைப்பொடி என்றால் மட்டும் காபித்தூள் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ஒன்பதரைக்கு ஏன் படுக்கிறீர்கள்? தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது படுங்கள், பதினொன்றானாலும் சரி. படுத்துச் சுமார் 20 நிமிஷமாகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உத்தேசமாகத்தான். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து சுவாரஸ்யமே இல்லாத வேலை ஏதாவது செய்யுங்கள். என் வேலை முருங்கைக்கீரை ஆய்வது. ஒரு கட்டு முடிவதற்குள் தலை தொங்கிவிடும். போன் மட்டும் கையில் வேண்டாம். தூக்கம் வந்தபின் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், பகலில் படுக்காதீர்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கும் முறை இது. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் 1972-ல் எழுதியது. இன்றைக்கும் தூக்கமின்மைக்கு டாக்டர்கள் முதலில் சொல்லும் சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதி. முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

உங்கள் வயதுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ராத்திரி திடீரென்று உடம்பு பற்றிக்கொண்டு வியர்த்து விழிப்பு வருகிறதா? மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அப்படி வரும். அதற்கு மருத்துவம் இருக்கிறது, மகப்பேறு டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வயது 71. மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் கொட்டக்கொட்ட விழித்திருக்கிறேன். எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். மத்தியானம் ஒரு மணி நேரம் கண் அசருவேன். என்ன மருந்து சாப்பிடலாம்?
- வாசகர், நாகர்கோவில்

அண்ணாச்சி, எட்டிலிருந்து மூன்று வரை எண்ணிப் பாருங்கள். ஏழு மணி நேரம். மத்தியானக் கணக்கையும் சேர்த்தால் எட்டு. உங்களுக்கு மருந்து எதற்கு? வயதானால் உடம்பின் கடிகாரம் கொஞ்சம் முன்கூட்டியே ஓடும். மத்தியானத் தூக்கத்தை 20 நிமிஷமாகக் குறையுங்கள், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை போய்வாருங்கள், பத்து மணி வரை யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். நீர் பிரியும் மாத்திரை ஏதாவது ராத்திரி எடுக்கிறீர்களா? காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றவேண்டாம்.

ஓசூரில் ஃபேக்டரி வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அதிகம். வயது 27.
- வாசகர், ஓசூர்

தம்பி, என் கட்சிக்காரர் நீங்கள்.

எனக்கு வேலை புதிது. காலையில் டூட்டி முடிந்து டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது டெப்போவில் இருந்தேன். வண்டி கழுவுகிற ஆள்தான் எழுப்பினார். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் போய்விட்டது! இது ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை “விடிந்துவிட்டது, எழுந்திரு” என்று உத்தரவு போட்டுவிடுகிறது. இந்த உள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அதனால் கம்பெனியை விட்டு வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், ஆனால் கம்பெனி பஸ்ஸில் வருவதாக இருந்தால் மட்டும். பைக்கில் வரவே வராதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டி அடிபட்டு வந்த பையன்களுக்குக் காலை ஏழு மணிக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். வழியில் டீக்கடை அரட்டை வேண்டாம். வீட்டில் அம்மா எட்டு இட்லி வைப்பார், மூன்று சாப்பிடுங்கள். ஜன்னலை அடர்த்தியான போர்வையால் மூடுங்கள். நான் பழைய நியூஸ்பேப்பரை மைதாப் பசையால் ஒட்டியிருந்தேன், வாடகை வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வாசலில் “நைட் டூட்டி, பெல் அடிக்காதீர்கள்” என்று எழுதி மாட்டுங்கள். கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர எல்லோரும் மதிப்பார்கள். ஃபேனை வேகமாக வையுங்கள், காற்றுக்கும் ஆகும், அந்தச் சத்தத்தில் தெருச் சத்தமும் அமுங்கும்.

ஷிஃப்டில் டீ குடிப்பதென்றால் முதல் பாதியோடு சரி. பகலில் ஒரே மூச்சாக ஏழு மணி நேரம் வராது. காலையில் நாலரை, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒன்றரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது காலை, மத்தியானம், ராத்திரி என்ற வரிசையில் மாறினால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும், தலைகீழாக மாறினால் திண்டாடும். உங்கள் பட்டியல் தலைகீழாக இருந்தால் சூப்பர்வைசரிடம் பேசிப் பாருங்கள். கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

என் கணவர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் சத்தமே நின்று, மூச்சும் நின்றதுபோல் இருந்து, திடுக்கென்று இழுக்கிறார். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். மூக்கில் நெய் விடலாமா?
- வாசகி, காரைக்குடி

நெய்யைச் சோற்றில் போடுங்கள் தாயி. இது கைவைத்தியத்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது போலிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பிரஷர் ஏறும், இருதயத்தைப் பாதிக்கும். அவர் மூச்சு நிற்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ போங்கள். “நான் எங்கே குறட்டை விடுகிறேன்” என்று அவர் மறுக்கும்போதும் அந்த வீடியோ உதவும். தூக்கப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள், தேவையானால் மூச்சுக்கு மாஸ்க் வைத்த கருவி கொடுப்பார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். ராத்திரி மது பழக்கம் இருந்தால் அதை நிறுத்தியே ஆகவேண்டும், அது தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். டிரைவர் வேலை பார்க்கிறாரென்றால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தால் தூக்கம் வருமா?
- வாசகி, விருதுநகர்

தேய்த்துவிட ஆள் இருந்தால் நன்றாகவே வரும்! கால் சூடானால் ரத்தக்குழாய் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியேறும், உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தாலும் இதே பலன். எண்ணெய் தேய்த்தால் துடைத்துவிட்டுப் படுங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் போய் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷமாகத் தூக்க மாத்திரை போடுகிறேன். தெரிந்த மெடிக்கலில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். நாளையிலிருந்து நிறுத்திவிட்டு அமுக்கராச் சூரணத்துக்கு மாறலாம் என்று இருக்கிறேன்.
- பெயர், ஊர் வேண்டாம்

நாளைக்கே நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் போட்ட மாத்திரையைச் சட்டென்று விட்டால் கை நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியலில் உள்ளவை. 2014-லிருந்து டாக்டர் சீட்டு வாங்கி, கடையில் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்கவேண்டும். உங்கள் மெடிக்கல்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் செய்வது நல்ல காரியம் இல்லை. மனநல டாக்டரிடம் போனால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருவார். மனநல டாக்டரா என்று தயங்கவேண்டாம், இது அவர்களுக்குத் தினசரி வேலை. அமுக்கராவை இந்த மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகத் தொடவே கூடாது. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேட்டுவிட்டு, மாத்திரை முழுதாக நின்றபிறகு யோசிக்கலாம்.

பேரக்குழந்தையைப் பார்க்க துபாய் போகிறேன். ஊர் மாறினால் எனக்குத் தூக்கம் வராது. பாலில் அரைத்துக் குடிக்கக் கசகசா எடுத்துப் போகலாமா?
- வாசகி, திருச்சி

ஐயோ, பெட்டியில் வைத்துவிட்டீர்களா? முதலில் வெளியே எடுங்கள். இங்கே குருமாவுக்கு வாங்குகிற சாமான்தான், ஆனால் அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். கசகசா கலந்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம். சிங்கப்பூருக்கும் இதே கதைதான். உங்கள் தலையணை உறையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், பழகிய வாசனைக்குத் தூக்கம் வரும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். முதல் இரண்டு நாள் ராத்திரி எட்டரைக்கே கண்ணைச் சொக்கும். பேரன் விடமாட்டான், கவலைப்படாதீர்கள்.