வயதானால் கண் மங்கத்தான் செய்யுமா? பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா?

"வயசு போனால் கண் மங்கத்தான் செய்யும், பழக்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஹட்டன் பக்கத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வதும் இதேதான். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது, சரி. ஆனால் பீடி, சிகரெட்டை விட முடியும். எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது அதுதான், கரட் இல்லை.

கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துவிடலாம், பெரும்பாலும் பார்வை வந்துவிடும். விழித்திரையின் நடுவிலுள்ள மெக்குலா கெட்டுப்போகும் நோய் அப்படியில்லை. ஓரங்கள் தெரியும், எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரியாது. போன பார்வை பெரும்பாலும் போனதுதான். புகைப்பவர்களுக்கு இது வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. கண்புரைக்கும் புகைத்தல் ஒரு காரணம்.

என் மாமா தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், விடாமல் பீடி குடிப்பவர். ஒரு கண் கெட்டது அவருக்கே தெரியவில்லை, மற்றக் கண் ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்த்தபோதுதான் கட்டங்களின் கோடுகள் நெளிந்து தெரிந்தன. நடுவில் இருந்த திகதிகள் சாம்பல் பூசியதுபோல் மறைந்திருந்தன. நீங்களும் வீட்டுப் பெரியவர்களை, கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக மூடிக் கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நெளிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கவே கூடாது. இந்த மெக்குலா நோயில் ஒரு வகையைக் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கட்டுப்படுத்தலாம், அதற்கு நேரத்தோடு போக வேண்டும்.

சாப்பாட்டில் கரும்பச்சைக் கீரைதான் முக்கியம். மெக்குலாவில் இருக்கும் லுடீன் என்ற மஞ்சள் நிறச் சத்து அதில் நிறைய உண்டு. முருங்கைக்கீரையைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் இன்னும் நல்லது, கொழுப்போடு சேர்ந்தால்தான் லுடீன் உடம்பில் நன்றாகச் சேரும். அப்புறம் மீன், முட்டை மஞ்சள் கரு. பாமசியில் கண் விட்டமின் கேட்டு வாங்கும் பழக்கம் இருக்கிறதே, அது நோயே இல்லாதவருக்கு நோய் வராமல் தடுக்காது. நோய் நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு அது முற்றுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் (உடம்பில் விட்டமின் ஏ ஆக மாறும் சத்து) உள்ள மாத்திரையைத் தொடவே வேண்டாம், நுரையீரல் புற்றுநோய் ஆபத்தை அது கூட்டுகிறது.

இங்கே குளிர், மூட்டம் என்பதால் வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர். மேகமும் அதை முழுதாக மறிக்காது. வருடக்கணக்கில் படும் இந்தக் கதிர் கண்புரைக்கு வழிவிடும். கொழுந்து பறிக்கும் அக்காமார் தலையில் கட்டும் துணி கண்ணுக்கு நிழல் தராது, அகல விளிம்புத் தொப்பி தரும். விறகடுப்புப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு சொல்கிறார்கள், அதனால் லயத்துக் குசினியில் புகை போக வழி வேண்டும்.

சீனி வியாதி, பிரஷர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு தடவை கண்மணி விரியச் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், தோட்டத்துப் படிகளில் தனியாக இறங்க முடியாது. போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.